எந்தப் பெடல் வாங்கறது, அக்கா?

கள்ளக்குறிச்சி
6 ஜூலை 2025

அன்புள்ள பிரின்சி அக்காவுக்கு,

ரெக்ஸ் எழுதறேன். அப்பா, அம்மா, நான் மூணு பேரும் சுகம். நீ ஒழுங்கா சாப்பிடறியா? மலைக் குளிரு ஒத்துக்குதா?

பேனா புடிச்சு ஒரு பக்கம் எழுதி எத்தினி நாளாச்சு தெரியுமா? பிளஸ் டூ பரிட்சைக்கு அப்புறம் இப்பதான். கன்னியாஸ்திரிப் பயிற்சிக்குன்னு நீ போயிருக்கிற நவதுறவகத்துல ஒரு வருஷம் போன் கிடையாது, மாசத்துக்கு ஒரு லெட்டர்தான், அதையும் உங்க சிஸ்டர் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் கையில குடுப்பாங்கன்னு அம்மா சொல்லுச்சு. "நான் இன்னா ஜெயிலுக்கா எழுதறேன்"னு கேட்டேன். முதுகுல ஒண்ணு வெச்சுது. (இதைப் படிக்கிற சிஸ்டருக்கு வணக்கம்ங்க. ஜெயில்னு சொன்னது சும்மா தமாஷுக்கு.)

அம்மா என்கிட்ட சத்தியமும் வாங்கிகிச்சு. "வூட்டுக்கு வந்துடுன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. மே மாசம் வார்த்தைப்பாடு குடுத்து கன்னியாஸ்திரி ஆவறதா, திரும்பி வர்றதான்னு அவளே முடிவு பண்ணட்டும். நீ அவ மனசக் கலைச்ச, கிட்டாரை அடுப்புல வெச்சிடுவேன்." நீ பஸ் ஏறறப்ப என்கிட்ட சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. "ஒரு வருஷம் இருந்து பாக்கறேன்டா. ஒத்து வரலைன்னா வந்துடுவேன்"ன்னியே, அது. ஐயோ, சிஸ்டரும் படிப்பாங்க இல்ல! சரி, எழுதினது எழுதினதுதான். பேனாவுல டிலீட் இல்ல.

அதனால அதைப் பத்தி எழுத மாட்டேன். கம்ப்ரெஸர் பெடல் பத்தி எழுதறேன்.

அது இன்னான்னா, கால்ல மிதிக்கிற சின்ன இரும்பு டப்பா. கிட்டாருக்கும் ஆம்பு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒயர்ல வெக்கறது. நம்ம கோயில் மைக் செட்காரரு இருக்காரே, ஃபாதர் கத்திப் பிரசங்கம் பண்ணா குறைப்பாரு, வாசகம் வாசிக்கிற பொண்ணு முணுமுணுத்தா ஏத்துவாரு. அவரையே டப்பாவுல அடைச்ச மாதிரி. பலமா அடிச்ச நோட்டை, அதான் ஸ்வரத்தை, அமுக்கும், மெதுவா அடிச்சதைத் தூக்கும். அதனால நோட்டு சீக்கிரம் சாவாம நிக்கும். இருபத்தி மூணு வீடியோ பாத்துட்டேன் அக்கா! தலை சுத்துது!

எனக்கு ஏன் வேணும்னா, நீ போனதுலேர்ந்து என் நோட்டெல்லாம் சீக்கிரம் சாவுது. முன்னாடி கோயில் பாடகர் குழுவுல நான் ஒரு நோட்டை இழுத்து வுட்டா, அது அடங்கறதுக்குள்ள உன் குரலு மேல வந்துடும். செத்தது யாருக்கும் தெரியாது. இப்ப தெரியுது.

மூணு டப்பா பாத்து வெச்சிருக்கேன். சிவப்புல திருகற குமிழு ரெண்டுதான். நீலத்துல அஞ்சு: அட்டாக், பிளெண்ட் எல்லாம் இருக்கு. பச்சை ரொம்ப சின்னது. எங்க எல்லாரையும் விட உனக்குத்தான் நல்ல காது. நீ சொல்றதைத்தான் வாங்குவேன். நீ சொல்ற வரைக்கும் வாங்க மாட்டேன்.

உடம்பைப் பாத்துக்கோ.

தம்பி
ரெக்ஸ்


வெள்ளிமலை
27 ஜூலை 2025

அன்புத் தம்பி ரெக்ஸுக்கு,

ஆண்டவரின் அமைதி உன்னோடு இருப்பதாக. இறையருளால் இங்கே நலமாக இருக்கிறேன். அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இன்னும் இரவு ஷிப்டுதானா?

இங்கே நல்ல தமிழில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்காதே.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது சிஸ்டர் பவுலின் என்னை நிறுத்தி, "உங்க தம்பி என்ன இயந்திரம் வாங்கப் போறாரு? அட்டாக்னு எழுதியிருக்காரே, யாரை?" என்று கேட்டார்கள். அவர்கள்தான் எங்கள் நவதுறவு ஆசிரியை. நான் விளக்கினேன். விளக்கி முடித்ததும் எங்கள் இருவருக்குமே புரியவில்லை.

நாங்கள் பதினொரு பேர். காலையில் ஆடுகளைப் பார்ப்பது என் வேலை. பிறகு சமையல், பிறகு வகுப்பு. செபத்தில் பாடும்போது பதினொரு பேரும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும் என்பது இங்கே முறை. என் குரல் மட்டும் மேலே நிற்கிறதாம். குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கத்தில் நிற்கும் ராதிகாவின் குரல் அவளுக்கே கேட்காது. அவளை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்பே போதாதா? திருகுவதற்கு இரண்டு இருந்தாலே நீ நாள் முழுவதும் திருகிக்கொண்டிருப்பாய்.

பாடகர் குழுவில் அனைவரையும் கேட்டதாகச் சொல். செபத்தில் உன்னை நினைக்கும்,

அக்கா
பிரின்சி


கள்ளக்குறிச்சி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு இடுப்பு பரவாயில்ல, மறுபடி தையல் மெஷின்ல உக்காந்துடுச்சு. அப்பா எப்பவும் போல ஆலைக்குப் போறாரு, வர்றாரு, படுக்கறாரு. நீ சொகமா இருக்கேன்னு படிச்சுக் காட்டினேன். தலையாட்டினாரு.

அக்கா! உங்க சிஸ்டரே ஒரு கம்ப்ரெஸர்! உன்னக் குறைச்சு ராதிகாவ ஏத்தறாங்க இல்ல, அதேதான்! முப்பது வீடியோவுல புரியாதது உன் ஒரு லெட்டர்ல புரிஞ்சிடுச்சு. சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, பாராட்டறேன். அட்டாக்னா சண்டை இல்லீங்க. நோட்டு அடிச்ச உடனே அமுக்கறதா, கொஞ்சம் வுட்டுட்டு அமுக்கறதான்னு சொல்ற குமிழு. கொஞ்சம் வுட்டு அமுக்கினா விரல் பட்ட சத்தம் தெரியும், அப்புறம்தான் அடங்கும். உடனே அமுக்கினா யாரு வாசிக்கிறான்னே தெரியாது.

உன்னக் குறைக்கச் சொன்னதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அதைப் பத்தி எழுத மாட்டேன்.

சிவப்பு வேணாம் அக்கா. அதுல பிளெண்ட் இல்ல. பிளெண்ட்னா அமுக்கின சத்தத்தோட அமுக்காத சொந்த சத்தத்தையும் கொஞ்சம் கலந்துக்கறது. எவ்ளோ அமுக்கினாலும் உள்ள நீ இருக்கேன்னு தெரியும். நீலத்துல இருக்கு. ஆனா நீலத்துல இரையுதுன்னு ஒரு கமெண்ட். பச்சையைப் பத்தி நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?

குழு சூப்பராப் போவுது. அமல் கீபோர்டு, கவியரசன் டிரம்ஸு, நான். சனிக்கிழமை ஆறு மணி பிராக்டிஸு தவறறதே இல்ல. உன் மைக்குல இப்ப ஜெஸி பாடுது. நல்லாத்தான் பாடுது.

ஆட்டுக்கெல்லாம் பேரு வெச்சிருக்கியா?

தம்பி
ரெக்ஸ்


வெள்ளிமலை
31 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி ரெக்ஸுக்கு,

ஆண்டவரின் அமைதி உன்னோடு இருப்பதாக. இறையருளால் இங்கே நலமாக இருக்கிறேன். அம்மா, அப்பா நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

இங்கே மழை. சாமை நன்றாக வந்திருக்கிறது. ஆடுகளுக்குப் பெயர் வைக்கவில்லை.

பெடலைப் பற்றி நீயே நன்கு யோசித்து முடிவு செய்.

செபத்தில் உன்னை நினைக்கும்,

அக்கா
பிரின்சி


கள்ளக்குறிச்சி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வூட்ல எல்லாரும் சௌக்கியம். உன் லெட்டரு வந்துச்சு. சின்னதா இருந்துச்சு. வேலை ஜாஸ்தியா?

நீயே முடிவு பண்ணுன்னு எழுதிட்ட. அதெல்லாம் செல்லாது. நீதான் சொல்லணும்.

நான் வேலை பாக்கற மொபைல் கடைக்கு முதலாளி பிச்சைமுத்து அண்ணன் இருக்காரே, அவரு சொல்றாரு: "ஒரு டப்பா வாங்க மூணு மாசமாடா? நான் பொண்ணு பாத்தே ஒரே நாள்ல முடிச்சேன்." "அதான் அண்ணி தினம் கடைக்கு வந்து திட்டுதா அண்ணே"ன்னேன். ஒரு நாள் பூரா டெம்பர் கிளாஸ் ஒட்ட வுட்டுட்டாரு.

ஒரு ரிவ்யூ வீடியோ கீழ கமெண்ட்ல பெரிய சண்டை அக்கா! கம்ப்ரெஸர்ங்கறதே சும்மா, விரல் சுத்தமா இருந்தா டப்பா தேவையில்லைன்னு ஒருத்தன் போட்டான். நான் பதினோரு ரிப்ளை போட்டேன். கடைசில பிரேசில்லேர்ந்து ஒருத்தரு "தம்பி சொல்றது சரி"ன்னு எனக்கு சப்போர்ட்டு. தமிழ்ல இல்ல, டிரான்ஸ்லேட் போட்டுப் பாத்தேன். இப்பல்லாம் தினம் அவரு கிட்ட பேசறேன். அங்க காலையில, இங்க சாயங்காலம். அவரு பேரு கூடத் தெரியாது, போட்டோவுல ஒரு பூனை இருக்கு. ஆனா கேட்டா பதில் சொல்றாரு.

சீக்கிரம் எழுது. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.

தம்பி
ரெக்ஸ்


கள்ளக்குறிச்சி
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு மாசமா உன் லெட்டர் வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா? போஸ்ட்மேனை தினம் கேட்டு அவரு இப்பல்லாம் எங்க சந்துக்குள்ள வராம சுத்திப் போறாரு. நாங்க நல்லா இருக்கோம். கல்லறைத் திருநாளுக்கு மூணு பேரும் போயி தாத்தாவுக்கு மெழுகுவத்தி வெச்சிட்டு வந்தோம்.

தப்பா எதுவும் எழுதிட்டேனா? ஒண்ணும் எழுதலையே. பெடல் பத்தி மட்டும்தானே எழுதறேன்.

பச்சை வேணாம்னு முடிவு. சிவப்பா நீலமா, அதான் இப்ப கேள்வி. நீலத்துல ஒரு கஷ்டம் இருக்கு அக்கா. மெதுவான சத்தத்தைத் தூக்கணும்னு அதுக்கு சொல்லிட்டோம் இல்ல, அது எதையும் வுடாது. நோட்டு அடங்க அடங்க, பின்னாடி இருக்கற இரைச்சல் எல்லாம் மேல வருது. போன சனிக்கிழமை சாயங்காலம் பூரா அம்மா மெஷின் ஓட்டிக்கினு இருந்துச்சா, நோட்டு பாதி கூட சாவல, மோட்டாரு இரைச்சல் கரண்டு வழியா "கிர்ர்"ன்னு ஹெட்போன்ல வந்து உக்காந்துகிச்சு. நோட்டை இழுத்துப் புடிக்கிற சஸ்டெய்ன் குமிழைக் கம்மி பண்ணா மோட்டாரு போவுது, நோட்டும் போவுது. அதான் நீலம் வாங்கலாமா வேணாமான்னு ரோசனை.

குழு நல்லாப் போவுது. கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் உன்னக் கேட்டாங்க.

எழுது அக்கா.

தம்பி
ரெக்ஸ்


வெள்ளிமலை
26 டிசம்பர் 2025

அன்புத் தம்பி ரெக்ஸுக்கு,

பிறந்திருக்கும் பாலன் உனக்கும் அம்மா அப்பாவுக்கும் அமைதி தருவாராக. நான் நலமாக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கடிதம் எழுதுவது இங்கே வழக்கமில்லை. அதற்கு முன்பு அக்டோபரில் எழுத உட்கார்ந்தேன், எழுதாமல் எழுந்துவிட்டேன்.

உன் நவம்பர் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் பெடல் பற்றி ஒன்றும் அறியாதவள். ஆனால் அம்மாவின் மெஷினை அறிவேன்.

எந்த வீடியோவிலும் அம்மாவின் மெஷின் சத்தம் வராது. அப்படியானால் நீலப் பெடல் ஏற்கெனவே உன் காலடியில் இருக்கிறது. வாங்கிவிட்டு, வாங்கட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம் முழுவதும் என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பாடகர் குழுவின் பயிற்சி. நான் ஏழு வருடம் அந்த நேரத்தில் கவியரசனின் டிரம்ஸ் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அங்கே என் மூச்சே எனக்குக் கேட்காது. தையல் மெஷின் மோட்டார் கேட்கிறது என்றால் நீ ஹெட்போன் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறாய். உன்னோடு யாரும் வாசிக்கவில்லை.

எத்தனை நாளாக?

டேய், நல்ல தமிழ்ல கேக்க எனக்கு முடியல. ஏன்டா போவல? யாருன்னா எதுனா சொன்னாங்களா? நீ தனியா உக்காந்து இரைச்சலைக் கேட்டுக்கினு இருக்கறதை நான் இங்கேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன்.

உண்மையை எழுது.

அக்கா


கள்ளக்குறிச்சி
11 ஜனவரி 2026

அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். நான் மட்டும் மாட்டிகினேன்.

நீலத்தை ஆகஸ்டு கடைசிலயே வாங்கிட்டேன். பிரிச்ச அன்னிக்கு ஒரு மணி நேரம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் தோணுச்சு, இனிமே உனக்கு இன்னா எழுதறதுன்னு. வூட்டைப் பத்தி எழுதினா சத்தியம் மீறிடுவேன். வூட்ல வேற இன்னா இருக்கு? அப்பா பேச மாட்டாரு. அம்மா மெஷின்ல இருக்கும். பெடலு வாங்காத வரைக்கும் உன்னக் கேக்க ஒரு கேள்வி இருந்துச்சு. வாங்கிட்டேன்னு சொன்னா முடிஞ்சிடும் இல்ல. அதான்.

குழுவுக்குப் போயி ஆறு மாசம் ஆவுது. யாரும் ஒண்ணும் சொல்லல. நீ போன பிறகு நாலு வாரம் போனேன். அஞ்சாவது வாரம், உனக்கு முதல் லெட்டர் எழுதினதுக்கு அடுத்த ஞாயிறு, நற்கருணைப் பாட்டுக்கு ஜெஸி உன் மைக்கைப் புடிச்சு உன் இடத்துல நின்னு பாடிச்சு. நல்லாத்தான் பாடிச்சு. தப்பாப் பாடியிருந்தா கூட வாசிச்சிருப்பேன் அக்கா. முதல் சரணம் முடிஞ்ச உடனே ஒயரைப் புடுங்கி, கிட்டாரைத் தூக்கிகினு வெளிய வந்துட்டேன். பூசை நடுவுல. அப்புறம் அமல் ரெண்டு தடவை வூட்டுக்கு வந்தான். ரெண்டு தடவையும் இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன். மூணாவது தடவை வரல.

சரி, என்னக் கண்டுபுடிச்சிட்ட. இப்ப என் முறை.

உன் லெட்டரு எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பாத்தேன். "இறையருளால் இங்கே நலமாக இருக்கிறேன்." ஆடு, மழை, சாமை, நலம், எல்லாம் ஒரே சத்தத்துல இருக்கு. நீ சிரிச்சது எது, அழுதது எதுன்னு தெரியல. டிசம்பர் லெட்டர்ல "டேய்"ன்னு எழுதினியே, அங்கதான் என் அக்கா குரலு கேட்டுச்சு. அக்டோபர்ல இன்னா ஆச்சு? எழுத உக்காந்து ஏன் எழுந்த?

மே முப்பதுக்கு இன்னும் நூத்தி முப்பத்தொம்பது நாள் இருக்கு. எண்ணல. சும்மா தெரியும்.

சத்தியத்தை மீறல நான். ஒரு வார்த்தை கூட எழுதல.

ரெக்ஸ்


வெள்ளிமலை
15 பிப்ரவரி 2026

தம்பி ரெக்ஸுக்கு,

நல்லா இருக்கேன்டா. இந்த தடவை நெஜமாவே. சிஸ்டர் பவுலின் கிட்ட, "இந்த லெட்டரை வூட்டுப் பேச்சுலதான் எழுதுவேன், தப்புன்னா குடுக்காதீங்க"ன்னு சொன்னேன். "எழுதுங்க"ன்னாங்க. படிக்கட்டும். அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இதுல இல்ல.

முதல் மூணு மாசம் தினம் ஆட்டுக் கொட்டாய்ல நின்னு அழுதேன். ஆட்டுக்குப் பேரு வெக்காததுக்குக் காரணம் அதுதான். பேரு வெச்சா இங்கயே இருக்கணுமேன்னு பயம். அக்டோபர்ல ஒரு நாள் பைய எடுத்துகினு வெள்ளிமலை பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டேன். யாரும் என்னத் தடுக்கல. கள்ளக்குறிச்சி பஸ் வந்துச்சு, கண்டக்டரு "ஏறும்மா"ன்னாரு. நான் ஏறல. "இன்னாம்மா, பஸ்ஸை வேடிக்கை பாக்கவா வந்த?"ன்னு கேட்டுட்டு விசில் அடிச்சிட்டாரு. ஏன் ஏறலன்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. அதான் உனக்கு எழுத முடியல.

இப்பத் தெரியும். சொல்றேன், கோச்சிக்காம படி.

கள்ளக்குறிச்சியில நான் ஏழு வருஷம் பாடினேன். எல்லாரும் என் குரலைத்தான் சொல்வாங்க. எனக்கும் என் குரல் மட்டும்தான் கேக்கும். அமலு இன்னா வாசிச்சான், நீ எந்த நோட்டை இழுத்து வுட்ட, சத்தியமா எனக்குத் தெரியாதுடா. நீ இழுத்து வுட்ட நோட்டு மேல நான் ஏறி நின்னதை நீ எழுதித்தான் தெரிஞ்சுகினேன். இங்க என்னக் குறைக்கச் சொன்னப்ப வயிறு எரிஞ்சுது. குறைச்சேன். ஒரு நாள் காலையில ராதிகா குரல் கேட்டுச்சு. ரெண்டு மாசமா தோள் உரச நிக்கறா, அன்னிக்குத்தான் கேட்டேன். அவ மூச்சு எங்க எடுக்கறான்னு கேட்டு, அங்க நான் எடுக்காம அவளுக்குப் பாட்டைத் தாங்கினேன். அந்த மாதிரி ஒண்ணு எனக்கு இதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல.

நான் அமுங்கிப் போயிட்டேன்னு நீ நினைக்கிற. இல்லடா.

மே முப்பது வார்த்தைப்பாடு குடுக்கறேன். முடிவு பண்ணிட்டேன்.

நீ தனியா இருக்கேன்னு தெரிஞ்சுகினுதான் இதை எழுதறேன். அது தெரிஞ்ச பிறகு ரெண்டு மாசம் தூக்கம் இல்ல. ஆனா உனக்காக நான் இறங்கி வந்தா, நாளைக்கு நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கற ஒவ்வொரு நாளும் அது உன்னாலதான்னு உனக்குத் தோணும். அதை உன் தலையில கட்ட மாட்டேன்.

அமலைப் போயிப் பாரு. மூணாவது தடவை அவன் வர மாட்டான், அவனுக்கும் ரோஷம் இருக்கும்.

புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிக்குது. பாஸ்கா, அதான் ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்கு லெட்டர் எழுத அனுமதி இல்ல. உன்னுது வந்தா படிக்கலாம். எழுதுடா.

உன் அக்கா


வெள்ளிமலை
12 ஏப்ரல் 2026

தம்பி ரெக்ஸ் அவர்களுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் இல்லத்தில் நிறைவதாக. தங்கள் பெற்றோர் நலமா? இங்கே பிரின்சி நலம். நான் சிஸ்டர் பவுலின். நவதுறவிகளின் வீட்டாருக்கு நான் கடிதம் எழுதுவது வழக்கமில்லை. எழுதுகிறேன்.

பிப்ரவரிக்குப் பிறகு தங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால் வரும் நேரத்தில் பிரின்சிக்கு முற்றத்தைப் பெருக்கும் வேலை வந்துவிடுகிறது. அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. "இன்னிக்கும் இல்லையாங்க சிஸ்டர்?" என்று கேட்பதில்லை. துடைப்பத்தை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்துவாள். தபால்காரர் போன பிறகு மறுபடி பெருக்குவாள். அவளுடைய முடிவு மாறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

வார்த்தைப்பாட்டுத் திருப்பலியில் காணிக்கைப் பாட்டை அவள் தனியாகப் பாட அனுமதி கொடுத்திருக்கிறேன். இங்கே எங்களிடம் ஒரு ஹார்மோனியம் இருக்கிறது. அதில் நான்கு கட்டைகள் பேசாது. இதைக் கோரிக்கையாக எழுதவில்லை. தெரிவிக்கிறேன்.

தங்கள் கடிதங்களை முதலில் படிப்பவள் நான். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறருடைய கடிதங்களைப் படித்து வருகிறேன். மற்ற வீடுகளிலிருந்து வருபவற்றில் கல்யாணம், சாவு, நிலத்தகராறு. தங்களுடையதை மட்டும் இரண்டாவது முறையும் படிப்பேன். ஒரு சந்தேகம் தீரவில்லை. அந்தப் பச்சைப் பெட்டியை ஏன் விலக்கினீர்கள்? காரணம் எந்தக் கடிதத்திலும் இல்லை.

கிறிஸ்துவில்,
சிஸ்டர் பவுலின்


கள்ளக்குறிச்சி
26 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நல்லா இருக்காங்க. நான் பரவாயில்ல.

முதல்ல சிஸ்டருக்கு. சிஸ்டர், பச்சையில ஒரே ஒரு குமிழு. நல்ல டப்பாதான், நிறைய பேரு அதைத்தான் வாங்கறாங்க. ஆனா அதைப் பத்தி ரெண்டு லெட்டருக்கு மேல எழுத விஷயம் வராது. அதான் விலக்கினேன்.

அக்கா, உன் பிப்ரவரி லெட்டரைப் படிச்சிட்டு உன் மேல அவ்ளோ கோவம். நாலு தடவை எழுத உக்காந்தேன். எல்லாத்துலயும் அம்மாவுக்குச் செஞ்ச சத்தியம் உடைஞ்சுகினே இருந்துச்சு. கிழிச்சுப் போட்டேன். கடைசில அம்மா கிட்டயே போயி, "அவ வர மாட்டாளாம், அம்மா"ன்னேன். அம்மா மெஷினை நிறுத்திட்டு, "எனக்கு மட்டும் தெரியாதாடா"ன்னு சொல்லி அழுதுச்சு. அம்மாவும் நாள் எண்ணிக்கினு இருந்திருக்கு. அப்பா உள்ளேர்ந்து எழுந்து வந்து ரெண்டு பேருக்கும் டீ போட்டாரு. சர்க்கரை ஆலைக்காரரு, சர்க்கரை போட மறந்துட்டாரு. அப்படியே குடிச்சிட்டோம்.

நேத்து சனிக்கிழமை. ஆறு மணிக்குப் போனேன். கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னுருப்பேன். கவியரசன்தான் பாத்தான். "யோவ் அமலு, காணாமப் போனவங்க லிஸ்ட்ல ஒண்ணு கம்மி பண்ணு"ன்னு கத்தினான். அமல் கீபோர்டுலேர்ந்து தலையைத் தூக்கல. "இன்னா, வழி மறந்துட்டியா?"ன்னான். "மறந்துட்டேன்"னேன். "பிளக்கு அங்கதான் இருக்கு, எங்கயும் போவல"ன்னான். அவ்ளோதான் பேச்சு.

ஜெஸி கிட்ட மன்னிப்பு கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன். அது முந்திகிச்சு. "அண்ணா, நீ ஒயரைப் புடுங்கின பிறகு ரெண்டாவது சரணத்தை சுருதி இல்லாம எங்கயோ கொண்டு போயி முடிச்சேன். எங்கம்மா இன்னிக்கும் வூட்ல அதைப் பாடிக் காட்டி சிரிக்குது. நீதான் அதுக்குப் பொறுப்பு." சேந்து வாசிச்சோம். நீலத்தை ஆன் பண்ணி வாசிச்சேன், ஆஃப் பண்ணி வாசிச்சேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல அக்கா. கவி அடிக்கிற அடியில எனக்கே தெரியல. ஜெஸி மூச்சு எங்க எடுக்குதுன்னு பாத்துக்கினே வாசிச்சேன். நீ எழுதினதால பாத்தேன். உனக்கு வாசிச்சப்ப நான் பாத்ததே இல்ல.

வூட்டுக்கு வந்து கிட்டாரை வெச்சிட்டு உன் ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தேன். சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். உன் கட்டில்ல அம்மா தைக்க வேண்டிய துணியைக் குமிச்சு வெச்சிருக்கு.

மே முப்பதுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். கிட்டாரு, சின்ன ஆம்பு, நீலம், எல்லாம் கொண்டு வரேன். இதுக்கு மட்டும் சரியா பதில் எழுது. கச்சிராயபாளையம் வழியா வர்ற காலை பஸ்ஸுல ஆம்பு ஏத்துவாங்களா, இல்ல ஜீப்புதானா? உங்க கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துல பிளக்கு இருக்கா, மூணு துளையா, ரெண்டு துளையா? கரண்டு போனா இன்னா பண்ணுவீங்க?

அப்புறம், நீ எந்த சுருதியில பாடப் போற? முன்னாடி உன்னக் கேக்காமலே எனக்குத் தெரியும். ஒரு வருஷமா நீ மெதுவாப் பாடிக்கினு இருக்க. உன் குரல் இப்ப எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. ராதிகாவ வெச்சுகினு ஒரு தடவை பாடிப் பாத்து எழுது. நான் இங்க அதுக்கு வாசிச்சுப் பழகிக்கறேன்.

தம்பி
ரெக்ஸ்